கற்பனை உலகம் வரைகிறேன், முறையாகக் கற்றதில்லை. இனிமேல் கற்றால் கற்பனை போய்விடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பத்து வருடமாக யாரிடமும் பாடம் கேட்காமல் அக்ரிலிக்கில் கற்பனை உலகங்களும் அதில் உலவும் விசித்திரப் பிராணிகளும் வரைகிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் “கலர் அருமை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இனியாவது உடற்கூறு, பெர்ஸ்பெக்டிவ் (தட்டைப் பரப்பில் தூரத்தைக் காட்டும் முறை) எல்லாம் ஒழுங்காகக் கற்கலாமா, கற்றால் இப்போது கையில் இருக்கும் கட்டறுந்த தன்மை போய்விடுமோ என்று பயம். கூடவே, போட்டோ பார்த்து வரைவது ஏமாற்று வேலையா, உங்களைப் போன்றவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று இரண்டு துணைக்கேள்விகள். கேள்வி “கற்கலாமா” என்று முடிந்தாலும், படத்தையும் இணைத்து அதில் இருப்பதை வரிவரியாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு: “இதில் ஏதோ ஒன்று ஒட்டவில்லை, அது என்ன?” அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பிடிபட்டால் மற்றது பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக இருக்கும். நானும் கலைக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. முதல் எட்டு வருடம் தனியாக வரைந்தேன், அப்புறம் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடும் வேலை வந்தது, இப்போது பல வருடங்களாக வாரத்தில் ஒரு நாள், பெரிய வயதில் வரையத் தொடங்கியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். டிஜிட்டலில் நான் அரைகுறை. கீழே சொல்வதெல்லாம் பெயின்ட், காகிதம், கேன்வாஸ் வைத்து வேலை செய்கிறவனின் பேச்சு.

சரி, படம். ஆரஞ்சு நிறக் காடு. நடுவில் ஓடை. ஓடையில் ஊதா நிறத்தில் மான் போன்ற ஒரு பிராணி நிற்கிறது. ஆறு கால், முதுகில் தட்டான் இறக்கை, கொம்பில் வரிசையாகக் காளான். வானத்தில் மூன்று நிலா. கற்பனைக்கு இங்கே பஞ்சமே இல்லை, முக்கியமாக அந்தக் கொம்புக் காளான்கள் அடிக்குப் பெரிதும் நுனிக்குச் சிறிதுமாகப் போவது அழகு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காட்டை நீங்கள் ஆழத்தோடு வரைந்திருக்கிறீர்கள்: பக்கத்து மரங்கள் அடர்த்தி, தூரத்து மரங்கள் வெளிறிக்கொண்டே போகின்றன, ஓடை வளைந்து உள்ளே ஓடுகிறது. பிராணியையோ காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக, கோலம் போட்ட மாதிரிப் புள்ளிகளும் சுருள்களுமாக நிரப்பியிருக்கிறீர்கள். இரண்டுமே தனித்தனியாக நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை இரண்டு வேறு உலகத்துச் சட்டங்கள். காட்டில் காற்று இருக்கிறது, பிராணி நிற்கும் இடத்தில் காற்று இல்லை. பார்க்கிறவருக்கு இதைச் சொல்லத் தெரியாது. கண் ஒரு நிமிடம் தடுமாறும், பிறகு “கலர் அருமை” என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

அதாவது உங்களிடம் குறைவது பயிற்சி என்பதைவிட, ஒரு முடிவு. கற்பனை உலகத்தில் எந்தச் சட்டம் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் வைத்த சட்டம் படத்தின் நான்கு மூலைக்கும் செல்ல வேண்டும். தட்டை என்றால் எல்லாமே தட்டை. ஆழம் என்றால் அந்தப் பிராணிக்கும் எடை, நிழல், காற்று எல்லாம் உண்டு. எந்த வழி என்று தெரிந்துகொண்டால்தான் எதைக் கற்பது, எதைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல முடியும்.

தட்டை வழியில் போனவர்களில் எனக்கு எப்போதும் நினைவு வருகிறவர் உக்ரைனின் மரியா பிரிமாச்சென்கோ (1909–1997). கீவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர், சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர், எம்பிராய்டரி கை. அவருடைய மிருகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? சிங்கம் மாதிரி இருக்கும், சிங்கம் இல்லை. உடம்பு முழுக்கப் பூ, கோடு, புள்ளி. நிழல் என்று பேருக்குக்கூட இருக்காது, தூரம், கிட்டம் என்ற வித்தியாசம் கிடையாது. உடற்கூறு படித்த யாரும் அதில் நூறு பிழை கண்டுபிடிக்கலாம், ஆனால் கண்டுபிடிக்கத் தோன்றாது. மிருகம், அது நிற்கும் தரை, பின்னால் இருக்கும் செடி எல்லாம் ஒரே சட்டத்தில் இருப்பதால் அந்த உலகம் மூடிக்கொண்டு முழுமையாக இருக்கிறது. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அதைப் பார்த்துப் பிக்காசோ இப்படிச் சொன்னார் என்று ஒரு பாராட்டு வாசகம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆதாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை, அதனால் அதை நம்பி எதையும் கட்ட வேண்டாம். படங்களே போதும்.

ஆழ வழியில், ஆன்ரி ரூசோ (1844–1910). பாரிஸில் சுங்க வசூல் வேலை, நாற்பது வயதை ஒட்டித்தான் ஓவியத்தில் முழு மூச்சாக இறங்கினார், 1893இல் வேலையை விட்டார். அடர்ந்த காடு, புலி, குரங்கு, பாம்பாட்டி என்று அவர் வரைந்த காட்டுப் படங்கள் இருபதுக்கும் மேல். இளவயதில் படையோடு மெக்சிகோ போய் அந்தக் காட்டையெல்லாம் நேரில் பார்த்தார் என்று ஒரு கதை அவர் காலத்திலேயே பரவியது. ஆனால் அவர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. காடு வந்தது பாரிஸின் தாவரவியல் பூங்காக் கண்ணாடி வீடுகளிலிருந்து. 1905இல் வரைந்த, மானைக் கவ்வும் பசித்த சிங்கம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த மிருகங்களைப் பார்த்து வந்தது. போட்டோ பார்ப்பது ஏமாற்றா என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி: சிகாகோவில் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்த ஹென்றி டார்ஜர், பதினைந்தாயிரம் பக்கத்துக்கு ஒரு கற்பனை உலகத்தை எழுதி, அதற்குப் படங்களும் போட்டார். உருவம் வரைய வராது என்பதால் பத்திரிகைப் படங்களை டிரேஸ் எடுத்தார், தேவையான அளவுக்குப் பெரிதாக்கிக்கூட வைத்துக்கொண்டார். யாரும் இன்று அதை ஏமாற்று என்பதில்லை. வேறொருவர் எடுத்த போட்டோவை அப்படியே எடுத்துப் போட்டு விற்றால் அது உரிமைப் பிரச்சினை, அது வேறு விஷயம். மானின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்ப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “சுயமாகக் கற்றவர்” என்கிற இந்தப் பட்டமே முழுக்கச் சுத்தமானது கிடையாது. இயற்கையைத் தவிர எனக்கு ஆசிரியர் இல்லை என்ற ரூசோவே, பெயர் பெற்ற ஓவியர்கள் இரண்டு பேரிடம் கொஞ்சம் யோசனை கேட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரிமாச்சென்கோ 1936இல் கீவில் ஒரு கலைப் பட்டறைக்கு அழைக்கப்பட்டுப் போயிருக்கிறார். இரண்டு பேர் கையும் கெட்டுப்போகவில்லை.

உங்கள் படத்துக்கு வருவோம். உங்களுக்கு மனசு ஆழ வழியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன், காட்டுக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் கைவைக்க வேண்டியது வெளிச்சம். மூன்று நிலா வைத்துவிட்டீர்கள். மூன்றும் ஒரே அளவு பிரகாசம் என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று நிழல் விழ வேண்டும், மூன்றும் ஒன்றோடொன்று மேலே ஏறி ஒன்றையொன்று மங்கடிக்க வேண்டும். அதை வரைவது கடினம், வரைந்தாலும் அழகாக வராது. படத்தில் இப்போது ஒரு நிழல்கூட இல்லை, அதனால் பிராணியின் கால்கள் எதன் மேலும் நிற்கவில்லை. ஒரு நிலா ஆளட்டும், மற்ற இரண்டும் வானத்தில் சும்மா நிற்கட்டும். ஆளும் நிலா எந்த நிறமோ அந்த நிறம் எல்லாவற்றின் மேலும் ஏறும். ஆரஞ்சு வெளிச்சம் என்றால் அதில் நீலப் பொருள் ஏறக்குறைய கருஞ்சாம்பலாகத்தான் தெரியும், ஏனென்றால் நீலம் திருப்பி அனுப்புவதற்கு அந்த வெளிச்சத்தில் நீலக் கதிர் இல்லை. இது ஊகம் இல்லை, அறையில் ஒரு ஆரஞ்சு பல்பைப் போட்டு நீலத் துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். கற்பனை உலகத்துக்கு இந்த ஒரு சோதனை, பத்துப் பெர்ஸ்பெக்டிவ் பாடத்துக்குச் சமம்.

அடுத்தது நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு தவறு, நீங்களும் செய்திருக்கிறீர்கள். பிராணியின் முதுகைச் சற்று அடர்ந்த ஊதாவிலும் வயிற்றை வெளிர் ஊதாவிலும் போட்டிருக்கிறீர்கள். மான் போட்டோ பார்த்துப் போட்டிருப்பீர்கள், உண்மையான மானும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மானுக்கு அந்த நிறம் எதற்கு இருக்கிறது? வெளிச்சம் மேலிருந்து வருவதால் எந்த உருண்டையான பொருளுக்கும் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் இருண்டும் தெரியும், அதை வைத்துத்தான் கண் “இது உருண்டை” என்று பிடிக்கிறது. மேலே கறுத்து அடியில் வெளுத்த உடம்பு அந்தக் கணக்கைச் சரிக்குச் சரி கழித்துவிடுகிறது. மிருகம் தட்டையாகத் தெரிந்து பின்னணியில் கரைந்துவிடும். 1896இல் இதை விளக்கி எழுதியவர் ஆபட் தேயர் என்கிற ஓவியர். விலங்கியல் படித்தவர் அல்லர், நாளெல்லாம் உருண்டைக்கு ஷேட் போட்டுப் பழகிய கண். ஆக, நீங்கள் ஒளிந்துகொள்வதற்கான நிறத்தைத் துல்லியமாகப் போட்டுவிட்டு, பிராணி முன்னால் வரவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள்! வயிறு வெளிர் நிறமாகவே இருக்கட்டும். அதன் மேல் ஒரு மெல்லிய நிழல் பூச்சு ஓட்டுங்கள், அப்புறம் ஓடைத் தண்ணீரிலிருந்து மேலே தெறிக்கும் ஆரஞ்சை அடிவயிற்று விளிம்பில் லேசாக ஏற்றுங்கள். உடம்பு அங்கேயே திரும்பி உருண்டுவிடும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், உங்கள் பலமும் பலவீனமும் அங்கேதான். படத்தை மொபைலில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் மாற்றிப் பார்த்தேன். கொம்பு மட்டும் மிஞ்சியது, பிராணி காணாமல் போய்விட்டது. டியூபிலிருந்து வரும் ஊதா இயல்பில் இருண்ட நிறம், ஆரஞ்சு வெளிச்சமான நிறம், இரண்டும் பக்கத்தில் இருந்தால் பளிச்சென்று பிரிய வேண்டும். நீங்கள் ஊதாவில் வெள்ளையைக் கலந்து கலந்து ஆரஞ்சின் வெளிச்ச அளவுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். நிறம் வேறு, டோன் (வெளிச்சம், இருட்டின் அளவு) ஒன்று. அப்படி இருந்தால் விளிம்பு கூசும், உருவம் பிரியாது. உருவத்தையும் ஆழத்தையும் கண் பெரும்பாலும் டோனை வைத்துத்தான் படிக்கிறது, நிறம் அதன் மேல் ஏறும் உணர்ச்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு உறுதியான விஷயம், நிறம் தனியாக இருப்பதில்லை. பாரிஸில் கோபெலின் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரோல் என்கிற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது: நீலம், ஊதாத் துணி மடிப்புகளுக்கு நிழல் காட்டப் போடும் கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று. அவர் வேறு இடத்துக் கறுப்பு நூல்களையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து 1839இல் பெரிய நூலே எழுதினார். உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், ஊதாவை இன்னும் பளிச்சென்று ஆக்க அதற்குள்ளேயே பெயின்ட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சுற்றியுள்ள ஆரஞ்சை மண்ணிறம் பக்கம் கொஞ்சம் மந்தப்படுத்துங்கள், ஊதா தானாக எழுந்து நிற்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கக் கத்தினால் யார் சொல்வதும் காதில் விழாது. படத்தில் எத்தனை பங்கு மந்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முக்கால் பங்கு என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அது என் கைப்பழக்கம், சட்டம் கிடையாது. தட்டை வழியில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குச் செல்லவே செல்லாது.

இனி உடற்கூறு. இதைக் கேட்டாலே பலருக்குப் பயம், முந்நூறு எலும்பின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்வார்களோ என்று. இல்லாத பிராணிக்கு உடற்கூறு எதற்கு என்றும் கேட்பார்கள். இல்லாத பிராணிக்குத்தான் அதிகம் வேண்டும். நாயைக் கொஞ்சம் கோணலாக வரைந்தாலும் பார்க்கிறவர் தன் மனசில் இருக்கும் நாயை வைத்துச் சரிசெய்துகொள்வார். உங்கள் பிராணிக்கு அவர் மனசில் எதுவும் இல்லை, முழுக்க உங்கள் பிரஷ்தான் கதி. லியனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்புகளில் நேராகவே சொல்கிறார்: கற்பனை மிருகம் இயற்கையாகத் தெரிய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு நிஜ விலங்கின் உறுப்பாக இருக்கட்டும், பூனையின் கண், சிங்கத்தின் புருவம், ஆமையின் கழுத்து என்று. நம் சிற்பிகளுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். கோயில் தூணில் யாளியைப் பாருங்கள், சிங்க உடம்பில் யானைத் துதிக்கை. ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. தாடையும் பிடரியும் சேரும் இடத்தில் ஒரு சுருளை ஓட்டி மூடியிருப்பார்கள். அந்தச் சுருள் அலங்காரம் மட்டும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

உங்கள் பிராணிக்கு ஆறு கால், தட்டான் இறக்கை. தெரிந்து செய்தீர்களோ தெரியாமலோ, இரண்டும் ஒரே குடும்பம்: பூச்சிக்குத்தான் ஆறு காலும் இறக்கையும். பறவைக்கும் வவ்வாலுக்கும் இறக்கை என்பது முன்கைதான், அதனால்தான் நான்கு காலுக்கு மேல் வவ்வால் இறக்கை ஒட்டிய டிராகனுக்கு இரண்டாவது ஜோடித் தோள்பட்டையை எங்கே வைப்பது என்று எல்லா ஓவியரும் முழிக்கிறார்கள். பூச்சி இறக்கைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆறு காலும் அப்படியே இருக்க, அது முதுகில் தனியாக இருக்கிறது. ஆனால் பூச்சியில் ஆறு காலும் எல்லா இறக்கையும் நடு உடம்பிலிருந்தே கிளம்பும், வயிற்றுப் பகுதியில் ஒரு காலும் இருக்காது. நீங்கள் மான் உடம்பின் கீழே ஆறு காலையும் ரயில் சக்கரம் போலச் சம இடைவெளியில் வைத்திருக்கிறீர்கள். அவற்றை முன்பக்கம் நெருக்கி, மார்பைக் கொஞ்சம் பருமனாக்கி, பின் உடம்பைக் காலில்லாமல் நீள விட்டுப் பாருங்கள். நடக்கவிட ஆசையிருந்தால் எறும்பைக் கவனியுங்கள்: ஒரு பக்கத்து முதல் காலும் கடைசிக் காலும், மறுபக்கத்து நடுக்காலும் ஒன்றாகத் தரையில் இருக்கும், மற்ற மூன்றும் அப்போது நகரும். எப்போதும் ஒரு முக்காலி நிற்கும். அந்த மூன்றை ஊன்றி மூன்றைத் தூக்கி வரைந்தால் பிராணி புறப்பட்டுவிடும்.

அளவு பற்றி ஒரு வரி. மரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் பிராணி யானையை விடப் பெரியது, ஆனால் கால் மான் கால். உயரம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு ஏறும், காலின் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஏறும். கலிலியோ 1638லேயே ஓர் எலும்பைப் படம் போட்டுக் காட்டி இதை விளக்கியிருக்கிறார். அதனால் பெரிய பிராணிக்குத் தூண் போன்ற கால் வேண்டும், அல்லது அது எடையே இல்லாத பொருளால் ஆனது என்று வேறு எங்கேயாவது படத்தில் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாம் சரியாக இருந்தால்தான் நம்புவார்களா என்று கேட்காதீர்கள். 1515இல் ஆல்பிரெக்ட் டியூரர் என்கிற ஜெர்மன் ஓவியர் ஒரு காண்டாமிருகத்தை மரச்செதுக்குப் படமாக வெளியிட்டார். அந்த மிருகத்தை அவர் பார்த்ததே இல்லை, யாரோ எழுதிய வர்ணனையும் ஒரு கோட்டுப்படமும்தான் கைக்கு வந்தன. கவசத் தகடு தகடாக உடம்பு, காலில் செதில், தோளுக்கு மேல் நிஜத்தில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. எல்லாம் தவறு. ஆனாலும் இருநூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவுக்குக் காண்டாமிருகம் என்றால் அதுதான். ஏன்? தகடு தகடோடு சேரும் மடிப்பும் தோலின் சொரசொரப்பும் அவர் வாழ்நாள் முழுக்க உற்றுப் பார்த்த நிஜப் பொருள்களின் மேற்பரப்பு, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, வேறு விதமாகவும் விளக்கலாம். ஆனால் நண்டு ஓட்டையோ கவசத்தையோ உற்றுப் பார்க்காத கை அதை வரைந்திருக்காது.

இங்கேதான் உங்கள் பயத்துக்கு வருகிறேன். கற்றால் கற்பனை போகுமா? என் அனுபவத்தில் கற்பனையைக் கொல்வது பாடம் இல்லை, மற்றவர்களின் கற்பனைப் படங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது. மொபைலில் நாள் முழுக்க டிராகன் பார்க்கிறவர் வரையும் டிராகன், பத்து டிராகனின் சராசரியாகத்தான் வரும். ஒரு முறை ஜன்னலோரம் செத்துக் கிடந்த பச்சை வண்டு ஒன்றை எடுத்து ஒரு வாரம் மேசையில் வைத்திருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துத் தினமும் இருபது நிமிடம். முதல் நாள் “பச்சை” என்று நினைத்தேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, என்னைப் பார்த்த பக்கம் பச்சை, உடம்பு வளைந்து விலகும் ஓரத்தில் நீலம், இன்னும் ஓரத்தில் ஊதா. மயில் இறகுக்கும் இதே கதைதான்: அந்த நிறம் சாயத்தால் வருவதில்லை, மேற்பரப்பின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருகிறது, அதனால் கோணம் மாறினால் நிறம் மாறும். மினுமினுக்கும் பெயின்ட் வாங்கிப் பூசினால் இது வராது. அடியில் கிட்டத்தட்டக் கறுப்பாகப் பூசி, அது காய்ந்த பிறகு வளைவைத் தொடர்ந்து பச்சையிலிருந்து ஊதாவுக்கு மெல்லப் போய், ஒரே ஒரு கூர்மையான வெள்ளைப் புள்ளி வைத்தால் வரும். அந்த வாரத்துக்குப் பிறகு நான் வரைந்த எந்த டிராகனும் பழைய டிராகன் மாதிரி இல்லை. புதிதாக எதையும் கற்பனை செய்துவிடவில்லை, வண்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கற்கத் தொடங்கிய முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், கை விறைத்துப் போகும். தெரியாத வரை துணிச்சலாக ஓடிய கோடு, முழங்கால் எங்கே என்று யோசிக்க ஆரம்பித்ததும் தயங்கும். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அது திரும்பி வந்துவிட்டது, முன்பைவிட நன்றாகவே. எல்லாருக்கும் வரும் என்று உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். ஒருவர் ஒன்றரை வருடம் நிழலோடு போராடிவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டை வழிக்கே திரும்பிப் போனார். அவர் செய்ததுதான் சரி, படங்கள் இப்போது நிம்மதியாக இருக்கின்றன. இந்த விறைப்பைத் தாண்ட நான் கண்ட ஒரே வழி, பாடத்தையும் படத்தையும் கலக்காமல் இருப்பது. ஸ்கெட்ச் புக்கில் எலும்பும் வண்டும் நிழலும், அது பள்ளிக்கூடம். கேன்வாஸில் பழையபடி மனம் போன போக்கு. கற்றது தானாகக் கசிந்து வரும், தள்ளிவிட வேண்டாம்.

பொருள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும், நான் சூடு பட்டது. பல வருடத்துக்கு முன்னால் ஒருவருக்குப் பெரிய படம் ஒன்று வரைந்து கொடுத்தேன். ஒளிரும் ஜெல்லிமீன்கள் மிதக்கும் நகரம், எல்லாம் ஃபுளோரசன்ட் இளஞ்சிவப்பில். மூன்று வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனால், வெயில் படும் சுவரில் அந்தப் படம், ஜெல்லிமீன்கள் பழைய காகித நிறத்தில். ஃபுளோரசன்ட் நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுப்பவை என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு படம் வரைந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. டியூபின் பின்னால் பிபி 15, பிஆர் 83 மாதிரி நிறமிக் குறியீடும், வெளுக்காத தன்மைக்கு ஒரு தரமும் போட்டிருப்பார்கள். முதலில் சொன்னது தாலோ நீலம், உறுதியானது. இரண்டாவது பழைய அலிசரின் சிவப்பு, வெளுக்கும். பெயரைப் பார்க்காமல் குறியீட்டைப் பாருங்கள். சந்தேகமான நிறத்தை ஒரு காகிதத்தில் பூசி, பாதியை மூடி, வெயில் ஜன்னலில் இரண்டு மாதம் வையுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருளும் என்பது பத்து வருடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். பாலாக இருக்கும் பசை காய்ந்து தெளிவாவதுதான் காரணம்.

ஓவியர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்பதற்கு நீண்ட பதில் என்னிடம் இல்லை. முறையாகக் கற்காதவர்களின் கலைக்குத் தனிப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் கற்றவர்கள். 1940களில் ழான் துபுஃபே என்கிற பிரெஞ்சு ஓவியர் “ஆர் ப்ருட்” என்றார், பதப்படுத்தாத கலை என்று சொல்லலாம். அப்படி வகைப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே வரைந்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் அடையாள அட்டை கேட்கப் போவதில்லை.

அந்தப் படத்தின் மேல் திருத்தி எழுத வேண்டாம், அப்படியே இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் காட்டையும் பிராணி மாதிரியே தட்டையாக்கி, மரம், ஓடை, நிலா எல்லாவற்றிலும் அதே புள்ளியும் சுருளும் போட்டு நிரப்புங்கள். மூன்று நிலாவும் இதில் இருக்கலாம், தட்டை உலகத்தில் நிலா நிழல் போடாது. இன்னொன்றில் ஒரே நிலா, மந்தமான ஆரஞ்சு, இருண்ட ஊதா, முன்பக்கம் நெருங்கிய ஆறு கால். கால்கள் தண்ணீரில் இறங்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்ன வளையம், அதற்கு நேர் கீழே காலின் பிம்பம், அலையில் இரண்டு மூன்றாக உடைந்து. நிழல் நிலாவைப் பொறுத்துச் சாயும், பிம்பம் எப்போதும் நேர் கீழேதான் விழும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். இரண்டையும் இங்கேயே போடுங்கள், எதை வரையும்போது நேரம் போனது தெரியவில்லை என்பதையும் எழுதுங்கள், மேலே பேசலாம்.